ரூத் திருப்பித் தராத பாத்திரங்கள்

ஏலே ராசா,

நீ நலமாக இல்லை என்பது போனிலேயே தெரிந்துவிட்டது. அதனால் நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்க அப்பா காலையில் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "இன்னைக்கு ஒண்ணுமே இல்ல" என்று மடித்து வைக்கிறார். நான் எப்போதும்போல ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்கூடம் போய் வருகிறேன். ஆனால் முந்தாநாள் நீ பேசினதிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. "அம்மா, நான் வந்துரட்டா?" என்று கேட்டாயே, அந்த ஒரு கேள்விதான் சாம்பாருக்குப் புளி கரைக்கும்போதும் போர்டில் எழுதும்போதும் காதில் நிற்கிறது. "செத்த பொறுத்துப் பாரு ராசா, போயி ஒரு மாசங்கூட ஆகலியே" என்று சொன்னேன். உங்க அப்பா ரிசீவரைப் பிடுங்கி, "அங்க குளிரு எம்புட்டு இருக்கு?" என்று கேட்டார். பிள்ளை அழுகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா அது! நீ பதில் சொல்வதற்குள் உன் கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது. அவர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அவருக்கு வேறு என்ன கேட்கத் தெரியும், சொல்லு.

நீ சொன்னதை எல்லாம் நான் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பிரான்சில் அந்தச் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உன்னை இங்கிலீஷ் உதவி ஆசிரியன் என்று கூப்பிட்டு வைத்துக்கொண்டு, உனக்கு ஒரு வேலையும் கொடுக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறாள் அந்த மேடம். கேட்டால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்கிறாள். மத்தியானச் சாப்பாட்டில் மற்ற வாத்தியார்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்துகொள்ள, நீ தட்டை எடுத்துக்கொண்டு சன்னல் ஓரம் போய்விடுகிறாய். குடியிருக்கிற வீட்டில் கீழே இருக்கிற அம்மா ஒரு வணக்கத்தைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். "யாருக்கும் என்னப் பிடிக்கலம்மா" என்று சொன்னாய். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுகை வந்தது என்பது உண்மை. ஆனால் அதைவிட, இதே வார்த்தையை இதே மாதிரி ஒருத்தி சொல்லி நான் கேட்டிருக்கிறேன், இதே ராஜபாளையத்தில், நம் தெருவிலேயே. உனக்கு ரூத் அக்காவைப் பாதி ஞாபகம் இருக்கும். அப்போது நீ பால்வாடியில் இருந்தாய். மீதிப் பாதியை நான் சொல்கிறேன், கேள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வருகிறாள், ஒரு வருஷம் தங்கி இங்கிலீஷ் வகுப்பில் கூட நிற்பாள், பிள்ளைகளைப் பேச வைப்பாள் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அறிவித்தார். ஹாஸ்டலில் மராமத்து நடந்துகொண்டிருந்ததால் அங்கே இடமில்லை. "ஒங்க பக்கத்து வீட்டு மாடி காலியாத்தான இருக்கு டீச்சர்? காலையில கூட்டிட்டு வாங்க, சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார். அப்படித்தான் ரூத் நம் தெருவுக்கு வந்தாள். வேல்ஸ் என்று ஒரு நாடு, இங்கிலாந்தை ஒட்டினாற்போல் இருக்கிறது. அங்கிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடும் கொசு கடித்துச் சிவந்த கைகளோடும் வந்து இறங்கினாள். இருபத்திரண்டு வயசுதான் இருக்கும். இன்றைக்கு உனக்கு இருக்கிற வயசு.

இப்போது ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நான் அதற்குள் பத்து வருஷமாக இங்கிலீஷ் டீச்சர். பாடத்தை ஒரு வரி வாசிப்பேன், தமிழில் அர்த்தம் சொல்வேன், கேள்விக்குப் பதிலைப் போர்டில் எழுதிப் போடுவேன், பிள்ளைகள் மனப்பாடம் செய்து பாஸாகிவிடுவார்கள். எனக்கு நல்ல பேர். ஆனால் இங்கிலீஷில் ஒரு மனுஷரோடு நான் உட்கார்ந்து பேசினது கிடையாது, பேசுவதற்கு யார் இருந்தார்கள்? ரூத் வகுப்புக்குள் வந்ததும் எனக்கு ஒரே பயம். நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லி அவள் திருத்திவிட்டால், நாற்பது பிள்ளைகள் முன்னால் என் மானம் போய்விடாதா? அதனால் "பிளீஸ் சிட்" என்று கடைசி பெஞ்சைக் காட்டினேன். அவள் போய் உட்கார்ந்தாள். மறுநாளும் உட்கார்ந்தாள். நான் எப்போது பேசுவது என்று கேட்டாள். அடுத்த வாரம் என்றேன். ஆமாம் ராசா, உன் மேடம் சொல்வதேதான். பஸ்ஸிலும் நான் பக்கத்தில் உட்கார மாட்டேன். தெரிந்த அம்மாள் யாராவது இருந்தால் அங்கே போய் ஒண்டிக்கொள்வேன். கிருஷ்ணன்கோவில் பக்கம் போகிற காலேஜ் பையன்கள் அவளையே பார்ப்பார்கள். அவள் மலையைப் பார்த்துக்கொண்டே வருவாள்.

பள்ளிக்கூடம் இப்படி என்றால், தெரு அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. வந்த அன்றைக்கே ரங்கம்மாக்கா தூக்குவாளி நிறையச் சாம்பார் சாதம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ரங்கம்மாக்கா உனக்கு நன்றாகத் தெரியும், எதிர்வீடு, பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டுகிற வேலை, வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், இரண்டிலும் சத்தம் ஒரே சத்தம். அடுத்து முக்கு வீட்டிலிருந்து ஒரு சம்படம் முறுக்கு. ஆண்டாள் கோயில் கைங்கர்யத்தில் இருந்த குடும்பம் ஒன்று நம் தெருக் கடைசியில் குடியிருந்ததே, அவர்கள் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் அக்காரவடிசல். நானும் ஒரு டிபன் பாக்ஸில் புட்டு அனுப்பினேன். அவள் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தேங்க்யூ, தேங்க்யூ என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்று நாம் சொல்லிக்கொடுத்த தமிழைத் திருப்பிச் சொல்வாள். தெருவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் போன பாத்திரம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், ஆனாலும் நீ இதுவரை யோசித்திருக்க மாட்டாய். ஒரு வீட்டிலிருந்து பண்டம் வந்தால் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதையும் வெறுசாகக் கொடுக்கக் கூடாது. கொஞ்சம் சீனியோ, இரண்டு வெற்றிலையோ, நம் வீட்டில் செய்த எதையோ வைத்துத்தான் கொடுப்போம். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. மூச்சு விடுவதை யாராவது சொல்லித் தருவார்களா? அதேபோல, கொடுத்தவள் போய்ப் பாத்திரத்தைக் கேட்கவும் மாட்டாள். கேட்டால் கொடுத்த சோற்றையே கேட்ட மாதிரி ஆகிவிடும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார். ரூத் திருப்பித் தர மாட்டாள், இவர்கள் கேட்க மாட்டார்கள். தெருவில் இருந்த நல்ல எவர்சில்வர் எல்லாம் ஒவ்வொன்றாக மாடி ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. குழாயடியில் என்னைப் பார்த்தால் போதும், "டீச்சர், நீங்கதான் இங்கிலீஷு படிச்சவிய. செத்த கேட்டுச் சொல்லக் கூடாதா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். "கேக்கேன், கேக்கேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவேன். எனக்குள்ள பயம் அவர்களுக்கு எங்கே தெரியும்?

கடைசியில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஒருத்தர் வீட்டிலும் பாத்திரம் இல்லாமல் போயிற்று. இலையில் கட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள், குழம்பு ஒழுகியது. பிறகு அதுவும் நின்றது. மாடியில் இருந்தவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நேற்று வரை வாசலுக்கு வாசல் கூப்பிட்டவர்கள் இன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேக்கரி பன்னும் வாழைப்பழமுமாக அவள் நாளை ஓட்டினாள். ஆள் இளைத்துப் போனாள். வயிற்றுக்கோளாறு என்று நாங்கள் நினைத்தோம். ஆள் ஆளுக்கு ஒரு மருந்து சொன்னோமே தவிர, ஒருத்தரும் மாடிப்படி ஏறவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் ரங்கம்மாக்கா நம் வீட்டு நடையில் வந்து நின்றாள். இடுப்பில் கை. அவள் இடுப்பில் கை வைத்தால் என்ன அர்த்தம் என்று உங்க அப்பாவுக்குக்கூடத் தெரியும், பேப்பரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். "இந்தா பாருங்க டீச்சர், எங்க வீட்டுக்காரவிய அந்தத் தூக்குவாளியிலதான் மில்லுக்குச் சோறு கொண்டு போவாவ. எம்புட்டு நாளைக்கு இலையில கட்டிட்டுப் போவாவ? மெஷின் பக்கத்துல வச்சா இலை காஞ்சு சோறு வெறைச்சுப் போகுதாம். நேத்துத் தின்னாமத் திருப்பிக் கொண்டாந்துட்டாவ. நீங்க வாரியளா, நான் போயிக் கையக் கால ஆட்டிக் கேக்கட்டுமா?" என்றாள். அவள் போய்க் கையைக் காலை ஆட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். முந்தானையைச் சொருகிக்கொண்டு கூடப் போனேன்.

கதவு திறந்திருந்தது. ரூத் தரையில் உட்கார்ந்திருந்தாள். டிரங்குப் பெட்டி பக்கத்தில் திறந்து கிடந்தது. சன்னல் மேடையில் தெருப் பாத்திரம் அத்தனையும், பள்ளிக்கூடத்தில் ஜெயித்த கப்பை அடுக்குவோமே, அப்படிப் பளபளவென்று துடைத்து அடுக்கியிருந்தாள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பாவாடையில் சுற்றிச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் நுழைந்த நேரம் அவள் கையில் இருந்தது தூக்குவாளி. ரங்கம்மாக்கா மாரில் அடித்துக்கொண்டாள். "அடி ஆத்தே! டீச்சர், எந் தூக்குவாளி சீமைக்குப் போகுது!"

நான் வாயைத் திறந்தேன். பத்து வருஷப் பாடமும் எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது. வாளி என்கிற சொல் வராமல், "அது இவள் புருஷனுடைய சோறு" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். ரூத் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள், பாவம். அதற்குமேல் வெட்கப்பட எனக்கு ஒன்றும் மீதி இல்லை. தரையில் உட்கார்ந்து, வந்த வார்த்தையை வைத்து, வராததைக் கையால் காட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் வாளியில் வெட்டியிருந்த எழுத்தைக் காட்டி ஏதோ கேட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாத்திரத்தில் நாம் பேர் வெட்டி வைக்கிறோமே, அதை அவள் தனக்காக எழுதி வாங்கின வாழ்த்து என்று நினைத்திருக்கிறாள்! இந்த ஊர்க்காரர்கள் வந்தவளுக்குப் பேர் பொறித்துப் பரிசு கொடுக்கிறார்கள் என்று வீட்டுக்கெல்லாம் எழுதியிருக்கிறாள். "இது ரங்கம்மாக்காவோட மாமனார் பேரு" என்றேன். அவள் கிண்ணத்தைக் காட்டினாள். "அது கோயில்காரங்க வீட்டுக் கல்யாணம்." சம்படத்தைக் காட்டினாள். "அது முக்கு வீட்டுப் பிள்ளைக்குக் காது குத்தினது." ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அவள் முகம் இன்னும் கொஞ்சம் சிவந்தது. சிரித்தாள், பிறகு சிரிப்பே அழுகையாகிவிட்டது. ஊருக்குப் போகப் போவதாகவும், அம்மாவுக்கு ஏற்கெனவே எழுதிப் போட்டுவிட்டதாகவும், இங்கே யாருக்கும் தன்னைப் பிடிக்கவில்லை என்றும் சொன்னாள்.

"என்ன சொல்லுதா?" என்று ரங்கம்மாக்கா என்னை இடித்தாள். "நம்ம யாருக்கும் அவளப் பிடிக்கலியாம்க்கா. அதான் சோறு வாரதில்லன்னு நெனச்சிருக்கா" என்றேன். ரங்கம்மாக்கா இடுப்பிலிருந்த கையை எடுத்தாள். அப்படியே ரூத் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். "ஏட்டி கூறுகெட்டவளே, பாத்திரம் இல்லாம கையிலயா கொண்டாந்து ஊத்த முடியும்? எங்க வீட்டுப் பாத்திரம் பூரா ஒங்கிட்டல்லா இருக்கு!" என்று தமிழிலேயே அவளைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அவள் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். இதை நான் மொழிபெயர்த்தேன். எப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் ரூத்துக்குப் புரிந்தது.

அவள் உடனே எழுந்து எல்லாப் பாத்திரத்தையும் வாரிக்கொண்டு படியிறங்கப் பார்த்தாள். "ஐயையோ, வெறுசாக் கொண்டு போகாத!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். ஒரு சிட்டிகை சீனி போட்டால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் ஊரில் கல்லில் சுடுகிற ஒரு வட்ட ரொட்டி இருக்கிறதாம், அதைத்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மைதா, வெண்ணெய், சீனி, முட்டை, உலர்திராட்சை எல்லாம் ரங்கம்மாக்கா கடையில் வாங்கி வந்தாள். என் தோசைக்கல்லை நான் மனசில்லாமல்தான் கொடுத்தேன், முட்டை வாடை போகாது என்று. முதல் ஈடு கருகிவிட்டது, அடுத்தது வேகவில்லை. பிறகு வந்தது பரவாயில்லை. "அதிரசத்துக்கும் பிஸ்கோத்துக்கும் பொறந்த மாதிரி இருக்கு" என்று ரங்கம்மாக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டு இன்னொன்று எடுத்துக்கொண்டாள். நீ எத்தனை தின்றாய் என்று தெரியாது, அன்று முழுவதும் சோறு வேண்டாம் என்றாய். கோயில்காரர்கள் வீட்டுக்கு முட்டை ஆகாது என்று நான் சொன்னதும், அந்தக் கிண்ணத்தில் மட்டும் கற்கண்டும் வாழைப்பழமும் வைத்தாள்.

சாயங்காலம் வீடு வீடாகப் போனோம். எல்லா வீட்டிலும் மூடியைத் திறந்து பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள், சிரித்தார்கள். பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? உள்ளே போய் அதே பாத்திரத்தைக் கழுவி, வீட்டில் இருந்ததை நிரப்பித் திரும்ப அவள் கையிலேயே கொடுத்தார்கள். பண்டம் வைத்துப் பாத்திரம் கொடுத்தவளை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? தெருவைச் சுற்றி முடித்தபோது பழையபடி அத்தனை பாத்திரமும் அவளிடம் இருந்தது, ரங்கம்மாக்காவின் தூக்குவாளி ஒன்றைத் தவிர. ரூத் மாடிப்படியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். "இப்போது நான் எப்படி ஊருக்குப் போவது?" என்று கேட்டாள். நாளைக்கு இதையெல்லாம் நிரப்பித் திருப்பித் தர வேண்டுமே என்ற கவலை அவளுக்கு. அன்றைக்கே பெட்டியைப் பிரித்துவிட்டாள். இந்தத் தெருவுக்கு நான் எத்தனையோ விஷயத்தில் கடுப்பாகியிருக்கிறேன், ஆனால் அந்தச் சாயங்காலத்துக்காக ஆயுசு பூராவும் நன்றி சொல்வேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் வீட்டில் பேசுவது இங்கிலீஷே இல்லையாம், வேறு ஒரு மொழியாம். இங்கிலீஷ் அவளும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதானாம்! ரங்கம்மாக்காவிடம் இதைச் சொன்னபோது, "எங்க வீட்ல தெலுங்கு, ஒங்க வீட்ல தமிழு, அவ வீட்ல இன்னொண்ணு. அப்ப இந்த இங்கிலீஷு யாரு வீட்லதான் பேசுதாவ?" என்று கேட்டாள். எனக்கு அன்றைக்குத்தான் வாய்ப்பூட்டு கழன்றது. வகுப்பில் ரூத்தைப் பின் பெஞ்சிலிருந்து கூப்பிட்டு என் பக்கத்தில் நிறுத்தினேன். பாத்திரக் கதையைப் பிள்ளைகளுக்கு அவள் இங்கிலீஷில் சொன்னாள், நான் இடையிடையே குறுக்கே பேசினேன். பிறகு, கொடுத்த பாத்திரத்தை மனம் நோகாமல் இங்கிலீஷில் கேட்பது எப்படி என்று இரண்டிரண்டு பேராக நிறுத்திப் பேச வைத்தோம். வாயே திறக்காத பிள்ளைகள்கூட ரங்கம்மாக்கா மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்கள். நான் தப்பாகச் சொன்னதை ரூத் திருத்தினாள். அவள் தமிழில் உளறியதை நான் திருத்தினேன். என் மானம் ஒன்றும் போகவில்லை. சொல்லப்போனால், நான் டீச்சர் ஆனதே அந்த வருஷத்தில்தான்.

ஒரு வருஷம் என்று வந்தவள் கூடுதலாகவே இருந்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கி வந்து, எல்லார் பாத்திரத்திலும் வைத்து வீடு வீடாகக் கொடுத்தாள். அன்றைக்கு ஒருத்தரும் மறுபடி நிரப்பிக் கொடுக்கவில்லை. வாங்கி உள்ளே வைத்துவிட்டு வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றார்கள். போகவேண்டியவளைப் போகவிட வேண்டும் என்று யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ரங்கம்மாக்கா மட்டும் வாசலுக்கு வராமல் உள்ளேயே அழுதுகொண்டிருந்தாள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னைக் கடைசி பெஞ்சில் வைத்திருக்கிற மேடத்தைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் உன்னைப் பார்த்துப் பயப்படுகிறாள், ராசா. நீ சின்ன வயசிலிருந்து இங்கிலீஷில் படித்துவிட்டுப் போயிருக்கிறாய், அவள் அந்த ஊரிலேயே படித்து அங்கேயே சொல்லிக்கொடுக்கிறவள். பிள்ளைகள் முன்னால் உன்னைப் பேசவிட யோசிக்கிறாள். அவளிடம் போய் வேலை கொடுங்கள் என்று கேட்காதே. அவள் மொழியில் உனக்குத் தெரியாத ஒன்றைக் கேள். பிள்ளைகளுக்கு எதிரிலேயே கேள். தப்பாகச் சொல்லு, அவள் திருத்தட்டும். நீ திணறுவதை அந்தப் பிள்ளைகள் ஒரு தடவை பார்த்துவிட்டால், வாயைத் திறக்க அவர்களுக்கும் தைரியம் வரும்.

கீழ் வீட்டு அம்மா சோறு கொண்டுவந்து தரவில்லையே என்று ஏங்காதே. அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம் இல்லாமல் இருக்கலாம், அதற்காக மனசு இல்லை என்று ஆகிவிடாது. நீ போய் அவளிடம் ஒரு சட்டி இரவல் கேள். உன்னிடம் சட்டி இருந்தாலும் கேள். திருப்பிக் கொடுக்கும்போது எதையாவது செய்து உள்ளே வை. நான் கொடுத்தனுப்பின பொடி எல்லாம் அலமாரியில்தானே தூங்குகிறது? லெமன் சாதம் உனக்கு நன்றாக வரும், காரத்தை மட்டும் குறைத்துக்கொள். அவள் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை, முகத்தைச் சுளித்தவளிடம் அப்புறம் பேச ஒரு விஷயம் இருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை. ரூத் போகாமல் நின்றுவிட்டாளே, அதற்குச் சில வாரம் கழித்துப் பஸ்ஸில் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். அவள் வரப்போகிறாள் என்று எழுதினது கிடைத்ததும், அவள் அம்மா அவளுடைய அறைக்கு வெள்ளையடித்து, சன்னலுக்குப் புதுத் திரை தைத்துப் போட்டுக் காத்திருந்தாளாம். அப்புறம்தான் வரவில்லை என்ற அடுத்த செய்தி போயிருக்கிறது. நான் கேட்டுவிட்டுச் சிரித்தேன். "பாவம், வெள்ளையடிச்சது வீணாப் போச்சா?" என்று கேட்டேன். அதோடு மறந்தும்விட்டேன். அவளை நிறுத்திக்கொண்ட சந்தோஷத்தில் இருந்த எங்களுக்கு, அந்தப் பக்கம் ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பே வரவில்லை.

நேற்று மத்தியானம் உன் மெத்தையை எடுத்து மொட்டைமாடியில் காயப் போட்டேன். போர்வையைத் துவைத்தேன். கட்டிலுக்கு அடியில் அடைத்து வைத்திருந்த சாமானை எல்லாம் இழுத்து வெளியே போட்டேன். உங்க அப்பா வந்து, "இப்ப எதுக்கு இது?" என்று கேட்டார். "சும்மாதான், வெயில் நல்லா அடிக்குது" என்றேன். அவர் மெத்தையின் மறுமுனையைப் பிடித்துப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனார். அப்போதுதான் ரூத்தின் அம்மா எனக்கு ஞாபகம் வந்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு நான் ஒரு நன்றி சொன்னதில்லை. பெற்ற பிள்ளையை எங்கோ முகம் தெரியாத பொம்பளைகள் நிறுத்திக்கொள்ள, அவள் சண்டைக்கு வராமல் விட்டாள். அது எவ்வளவு பெரிய கொடை என்று மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து அழுதபோதுதான் தெரிந்தது.

போனில் நான் "பொறுத்துப் பாரு" என்றேன். என் வாய் வரைக்கும் வந்தது "வந்துரு" என்பதுதான். இரண்டும் உண்மை, இரண்டையும் நீ தெரிந்துகொள். முடியவில்லை என்றால் வா, உன் அறை தயாராக இருக்கிறது, இந்த வீட்டில் உன்னை ஒரு கேள்வி கேட்க ஆள் கிடையாது. இந்தக் கடிதம் அங்கே வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ, அதற்குள் அந்தக் கீழ் வீட்டுக் கதவு திறந்தும் இருக்கலாம். யாரோ ஒருத்தி உன்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, நீ அங்கேயே இருந்துவிடுவதாக முடிவு செய்தால், உங்க அம்மா நன்றி சொன்னாள் என்று அவளிடம் சொல்லு. கொஞ்சம் பொறாமையும் உண்டு. அதை மட்டும் சொல்லாதே.

அம்மா